முதுமையில் இடுப்பு வலி: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுபதைக் கடந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்போது, 'வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவதே எல்லாத் தவறுகளுக்கும் தொடக்கம். வயது ஏற ஏறக் கீழ்முதுகு வலி வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அது அதிகம் என்பதும் உண்மைதான். ஆனால் அவ்விரண்டையும் மாற்ற முடியாது. மாற்றக்கூடிய புகைப்பழக்கம், உடற்பருமன், உறக்கக் குறைவு, நாள் முழுவதும் உட்கார்ந்தே இருத்தல், எலும்பு மெலிவு போன்றவற்றைப் பற்றியோ யாரும் கேட்பதே இல்லை. மனச்சோர்வும் வலியை நாட்பட்டதாக்கும் என்பதால், துணையை இழந்தும் பிள்ளைகளை ஓசூருக்கோ பெங்களூருக்கோ அனுப்பிவிட்டும் தனித்திருப்பவரிடம் உறக்கத்தையும் மனநிலையையும் விசாரிப்பது சிகிச்சையின் ஒரு பகுதியே.

இவ்விரு மாவட்டங்களில் கூடுதலாகக் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை ஆண்டுகள் எந்தத் தண்ணீரைக் குடித்தீர்கள் என்பது. இங்குள்ள பாறைகளிலிருந்து ஃபுளோரைடு கரைந்து நிலத்தடி நீரில் கலப்பதால், பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்சவரம்பைத் தாண்டியிருந்தது. 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுவதால் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் நோய்) தணிப்பும் இடம்பெற்றதற்குக் காரணம் இதுதான். குழாய் நீர் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று எண்ணுவது தவறு. ஏனெனில் பல்லாண்டுகளாக எலும்பில் படிந்த ஃபுளோரைடு எளிதில் வெளியேறுவதில்லை. முதுகெலும்பைப் பிணைக்கும் தசைநார்கள் சுண்ணமேறி இறுகுவதால், வலியோடு விறைப்பும் சேர்ந்து, குனியவோ கழுத்தைத் திருப்பவோ முடியாத நிலை வரலாம். பல்லில் பழுப்புக் கறை இல்லையே என்று ஆறுதல் கொள்வதும் சரியன்று. அந்தக் கறை பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் குடித்த நீரையே காட்டும். வேறு ஊரில் பிறந்து மருமகளாக இங்கு வந்தவரின் பற்கள் வெண்மையாக இருக்க, எலும்புகள் மட்டும் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும்.

குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், களி கிண்டவும் டீ போடவும் போர்வெல் தண்ணீர் என்று பிரித்துக்கொள்ளும் வீடுகளில் ஃபுளோரைடு உணவு வழியே உள்ளே போகிறது. காய்ச்சினால் போய்விடும் என்பதும் தவறான நம்பிக்கை. நீர் ஆவியாகி, மிஞ்சியதில் ஃபுளோரைடின் செறிவு கூடவே செய்யும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கிணற்று நீரைச் சோதித்துக்கொள்ளலாம். அதற்காக வருகிற வலிக்கெல்லாம் தண்ணீரே காரணம் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது.

தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோதோ, வழுக்கி உட்கார்ந்தபடி விழுந்தபோதோ திடீரென வந்த வலியைச் சுளுக்கு என்று கருதி வழித்துவிடச் சொல்வது ஆபத்தானது. மாதவிடாய் நின்று பல ஆண்டுகளான பெண்களுக்கும், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நெடுங்காலம் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் எலும்பு மெலிந்திருப்பதால், சிறு அதிர்விலேயே முதுகெலும்பு நசுங்கி முறியலாம். உயரம் குறைவதும் முதுகு கூனுவதும் அதன் அறிகுறிகள். ராகியில் கால்சியம் நிறைய உண்டு, ஆனால் களி மட்டும் எலும்பைக் காத்துவிடாது; வைட்டமின் டி, புரதம், நடை ஆகியவையும் வேண்டும்.

எலும்பு முறிவு இல்லையென்று உறுதியான பின்னும் வாரக்கணக்கில் கட்டிலிலேயே கிடத்துவது, அக்கறையின் பெயரால் நடக்கும் தீங்கு. படுத்தே இருந்தால் தசை வற்றும், நடை தளரும், விழும் ஆபத்து கூடும். காரணம் எதுவும் புலப்படாத நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு இடுப்பு பெல்ட்டை வழக்கமாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல் கூறுகிறது. உடற்பயிற்சியை அது பரிந்துரைக்கிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் 'டிஸ்க் தேய்மானம்' வலியே இல்லாத முதியவர்களிடமும் சாதாரணமாகக் காணப்படுவதால், அந்த ஒரு வரியைப் பார்த்து அஞ்சத் தேவையில்லை. மாறாக, சற்று நடந்ததும் கால்கள் கடுத்து மரத்துப்போய், உட்கார்ந்தாலோ முன்குனிந்தாலோ குறைகிறதென்றால் தண்டுவடப் பாதை குறுகியிருக்கலாம். இதை மருத்துவரிடம் சொல்லத் தவறக்கூடாது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்குவதால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம், இரத்த அழுத்தம் ஏறலாம். சர்க்கரை நோயாளிகள் இதில் இருமடங்கு கவனமாக இருக்க வேண்டும். பெயர்ச்சீட்டு இல்லாத பொடிகளையும் உருண்டைகளையும் நம்பவே வேண்டாம். அத்தகையவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு.

காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, இரவிலும் தணியாத வலி, முன்பு புற்றுநோயோ காசநோயோ வந்த வரலாறு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, மலமும் சிறுநீரும் கட்டுப்பாடின்றிப் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ, மறுநாள் காலைப் பேருந்துக்குக் காத்திராமல் அந்த இரவிலேயே 108-ஐ அழைத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.