தலை அசைந்த ஸ்கேனில் எதை வைப்பது, எதை விடுவது

செயல்சார் எம்ஆர்ஐ (மூளை இயங்குவதை அடுத்தடுத்த படங்களாக எடுக்கும் ஸ்கேன்) தரவு கைக்கு வந்ததும் பலரும் கெட்ட வால்யூம்களை, அதாவது தலை அசைந்த கணத்தில் எடுத்த முழு மூளைப் படங்களை, வெட்டி எறியப் பார்க்கிறார்கள். வேண்டாம். ஒன்றை நீக்கினால் அதற்குப் பின்னால் வருபவை எல்லாம் நேரம் பிசகி நிற்கும். நான் ஒவ்வொரு கெட்ட வால்யூமுக்கும் பகுப்பாய்வின் புள்ளியியல் மாதிரியில் ஒரு நெடுவரிசை சேர்க்கிறேன்: அந்த இடத்தில் 1, மற்ற இடங்களில் 0. கெட்ட கணத்தை அது விழுங்கிக்கொள்ளும், நேர வரிசை குலையாது.

எஃப்எஸ்எல் மென்பொருளின் 'மோஷன் அவுட்லையர்ஸ்' கட்டளை இந்த நெடுவரிசைகளை எழுதித் தரும். அதற்கு அசைவு திருத்தாத மூலக் கோப்பைக் கொடுங்கள். திருத்திய கோப்பைக் கொடுத்தால், ஆட்டமே இல்லை என்று அது சாதிக்கும்.

வரம்பை மட்டும் இயல்புநிலையில் விட்டுவிடாதீர்கள். அந்த ஸ்கேனின் வால்யூம்களுக்குக் கணக்கிட்ட மதிப்புகளில் மேல் கால்மானத்தோடு (முக்கால் பங்கு மதிப்புகள் இதற்குக் கீழே இருக்கும்), மேல் கால்மானத்துக்கும் கீழ் கால்மானத்துக்கும் உள்ள இடைவெளியின் ஒன்றரை மடங்கைக் கூட்டி, அதற்கு மேல் உள்ளதை எல்லாம் கட்டளை விலகலாக எண்ணும். அதாவது ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிடும். சிலை போலப் படுத்திருந்தவரிடமும் நாலைந்து குற்றம் கண்டுபிடிக்கும்; முழு நேரமும் நெளிந்தவரை எளிதில் மன்னிக்கும். எனக்கு இது நியாயமாகத் தெரியவில்லை. எஃப்டி அளவை (ஒரு வால்யூமிலிருந்து அடுத்ததற்குத் தலை எவ்வளவு நகர்ந்தது என்பது) தேர்ந்து, எல்லோருக்கும் ஒரே வரம்பை முன்கூட்டியே எழுதி வையுங்கள். முடிவைப் பார்த்த பிறகு வரம்பை நகர்த்துவது ஏமாற்று வேலை.

தரவைத் தயார்ப்படுத்தும் எஃப்எம்ஆர்ஐபிரெப் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த நெடுவரிசைகள் தயாராகவே கிடைக்கும், எஃப்டி 0.5 மில்லிமீட்டரையோ, தரப்படுத்திய டிவார்ஸ் (அடுத்தடுத்த வால்யூம்களுக்கு இடையே சமிக்ஞை எவ்வளவு மாறியது என்னும் அளவு) 1.5-ஐயோ தாண்டியவை அவை. அந்தக் கோப்பில் இருக்கும் மற்ற நெடுவரிசைகளை எல்லாம் அள்ளி மாதிரியில் கொட்டாதீர்கள்.

ஏஎஃப்என்ஐ என்ற இன்னொரு பகுப்பாய்வு மென்பொருளில் பலரும் வரம்பை 0.3 என்று வைப்பதைப் பார்த்து அதை எஃப்டி என்று எண்ணிவிடக் கூடாது. எஃப்டி மாற்றங்களின் குறியை விட்டுவிட்டு அவற்றைக் கூட்டுகிறது. ஏஎஃப்என்ஐ வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்கிறது. மூன்று திசையிலும் தலை 0.2 மில்லிமீட்டர் நகர்ந்து, சுழற்சி இல்லை என்றால், முதலாவதில் 0.6 வரும், இரண்டாவதில் ஏறத்தாழ 0.35தான்.

எண்களோடு நிறுத்தாமல் ஸ்கேனைப் படமாக ஓடவிட்டுப் பாருங்கள். எஃப்டி அமைதியாக இருக்க டிவார்ஸ் மட்டும் எகிறினால், தலையை விட்டுவிட்டுக் கருவியைச் சந்தேகியுங்கள். பெரிய அசைவுக்குப் பிறகு சமிக்ஞை உடனே சீராவதில்லை என்பதால், அடுத்த ஒரு வால்யூமையும் நான் சேர்த்தே குறிக்கிறேன்.

ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு சுதந்திரப் படியை, அதாவது விளைவை மதிப்பிடத் தரவில் மிஞ்சும் தனித் தகவல்களில் ஒன்றை, தின்னும். ஆகவே மொத்தத்தை மட்டும் எண்ணாமல், பணியின் எந்த நிபந்தனையில் எத்தனை வால்யூம்கள் போயின என்று தனித்தனியாக எண்ணுங்கள். கடினமான பணியின்போது மட்டும் அசைபவர் உண்டு; அங்கே அளக்க வந்த விளைவே நெடுவரிசையோடு போய்விடும். எஃப்எஸ்எல் குழுப் பகுப்பாய்வில் உள்ள விலகல் எடைக்குறைப்பு, மற்றவர்களிலிருந்து வெகுவாக விலகி நிற்பவரின் எடையைத்தான் குறைக்கும். இப்படி ஒருவருக்குள் நடந்த இழப்பை அது மீட்டுத் தராது.