ஒரு பயணம் ஏன் நடந்தது என்று ஆராய்வது எப்படி: கடலோடிகள் முதல் சந்திரயான் வரை

மனிதன் ஏன் கடலைக் கடந்தான், ஏன் நிலவுக்குப் போனான் என்று வகுப்பில் கேட்டால், "ஆர்வம்தான் காரணம்" என்ற விடை உடனே வந்துவிடும். அது தவறான விடை அன்று. ஆனால் அதோடு நின்றுவிட்டால், கப்பலுக்குப் பணம் கொடுத்தவர் யார், எதை எதிர்பார்த்துக் கொடுத்தார் என்ற கேள்விகள் எழாமலேயே போய்விடும். இந்தத் தலைப்பில் கட்டுரை எழுதவோ, மேடையில் பேசவோ, பாடம் நடத்தவோ இருப்பவர்களுக்குப் பயன்படும் ஒரு முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில், மனித குலம் முழுவதையும் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, ஒரே ஒரு பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி நான்கு கேள்விகள் கேளுங்கள்: பணம் யாருடையது? கட்டளை என்ன? போனவர்கள் தமக்கென எதைத் தேடினார்கள்? அவர்கள் போய் இறங்கிய கரையில் ஏற்கெனவே வாழ்ந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது?

பழகிப் பார்க்க ஏற்றது பிரிட்டிஷ் கடலோடி ஜேம்ஸ் குக்கின் 'எண்டெவர்' கப்பல் பயணம். நிலக்கரி ஏற்றிக்கொண்டிருந்த அந்தக் கப்பலைப் பிரிட்டிஷ் கடற்படை வாங்கிச் செப்பனிட்டு, 1768 ஆகஸ்டில் பிளிமத்திலிருந்து அனுப்பியது. ஊரறியச் சொன்ன நோக்கம், சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கோள் கடந்து செல்வதைத் தாஹிட்டித் தீவிலிருந்து அளப்பது. அதற்காக இராயல் சொசைட்டி என்ற பிரிட்டிஷ் அறிவியல் கழகம் விண்ணப்பிக்க, மூன்றாம் ஜார்ஜ் மன்னர் 4,000 பவுண்டு வழங்கினார். ஆனால் குக்கிடம் முத்திரையிட்ட இன்னொரு கட்டளையும் இருந்தது: அளவீடு முடிந்ததும் தெற்கே இருப்பதாக நம்பப்பட்ட பெருங்கண்டத்தைத் தேட வேண்டும். ஒரே கப்பலில் அறிவுத் தேடலும் அரசின் நிலம் பிடிக்கும் வேட்கையும் சேர்ந்தே பயணம் செய்தன என்பதை மாணவர்கள் இந்த இரு தாள்களிலிருந்தே கண்டுகொள்வார்கள்.

அந்த அளவீட்டைச் சற்று விரிவாகவே சொல்லுங்கள். 1769 ஜூன் 3 அன்று வானம் தெளிவாக இருந்தது. குக், வானியலாளர் சார்லஸ் கிரீன், இயற்கையியலாளர் சொலாண்டர் ஆகிய மூவரும் தொலைநோக்கிகளில் கண் பதித்திருந்தார்கள். வெள்ளியின் கரும்புள்ளி சூரியனின் விளிம்பைத் தொட்டு விலகும் நொடியைக் குறிப்பதே அவர்கள் வேலை. ஆனால் புள்ளி சட்டென்று பிரியாமல், சொட்டப்போகும் மைத்துளி போல விளிம்போடு ஒட்டி இழுபட்டது. மூவர் குறித்த நேரங்களும் வேறுபட்டன. குக் அந்த வேறுபாட்டை மறைக்காமல் எழுதிவைத்தார். பல நாடுகளிலிருந்து திரட்டிய இத்தகைய அளவீடுகளைக் கொண்டு வானியலாளர் தாமஸ் ஹார்ன்ஸ்பி 1771-இல் கணித்த சூரியத் தொலைவு, இன்றைய அளவிலிருந்து ஒரு விழுக்காடுகூட விலகவில்லை. ஆர்வம் என்ற சொல்லுக்கு உரிய மதிப்பு இங்கேதான் கிடைக்கிறது.

நான்காவது கேள்வியைத் தவிர்க்காதீர்கள். 1769 அக்டோபரில் நியூசிலாந்துக் கரையில் குக்கின் ஆட்கள் இறங்கியபோது அங்கு வாழ்ந்த மாவோரியர் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தாஹிட்டியிலிருந்து கப்பலில் உடன்வந்த துப்பாயா, தம் முன்னோர் கடந்த தீவுகளை நினைவிலிருந்தே வரைபடமாக்கத் தெரிந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பசிபிக் கடலை முதலில் கடந்தவர்கள் ஐரோப்பியர் அல்லர்.

அடுத்து, அமெரிக்கர்களை நிலவுக்கு அனுப்பிய அப்பல்லோ திட்டத்துக்கு வாருங்கள். 1961 ஏப்ரல் 12 அன்று சோவியத் ஒன்றியத்தின் ககாரின் விண்வெளிக்குச் சென்றார். ஆறே வாரங்களில் அமெரிக்க அதிபர் கென்னடி நிலவை இலக்காக அறிவித்தார். 1962 செப்டம்பரில் அவர் மக்கள் முன் ஆற்றிய உரையையும், அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் தலைவரிடம் மூடிய அறையில் பேசிய ஒலிப்பதிவையும் அருகருகே வையுங்கள். அறைக்குள் அவர் தமக்கு விண்வெளியில் அவ்வளவு ஈடுபாடு இல்லை என்றும், சோவியத் ஒன்றியத்தை முந்துவதே முதன்மை என்றும் தெளிவாகச் சொல்கிறார். ஆனாலும் அந்தப் போட்டிப் பணத்தில்தான் 382 கிலோ நிலவுக் கற்கள் வந்து சேர்ந்தன. நிலவில் இறங்கிய பன்னிருவரில் ஹாரிசன் ஷ்மிட் ஒருவர்தான் பாறைகளையும் நிலத்தையும் ஆராயும் தொழில்முறை நிலவியலாளர். அவரும் 1972-இல், கடைசிப் பயணத்தில்தான் போனார்.

மக்கள் பணத்தைப் பற்றிப் பேசும்போது தொகையைத் தனியாகச் சொல்லாதீர்கள். நாசாவின் பங்கு 1966-இல் அமெரிக்க அரசின் செலவில் நான்கு விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. இன்று அரை விழுக்காட்டுக்கும் கீழ். நான்ஸ்டிக் தவா விண்வெளி ஆய்வால் வந்தது என்றும் சொல்லாதீர்கள்; அதில் பூசப்படும் டெஃப்லான் 1938-லேயே கண்டறியப்பட்டது. உண்மையான பயன்களே போதும். நிலவுக்குச் செல்வதில் பணக்கார நாடுகளோடு போட்டியிடுவது நம் கனவு அன்று, மக்கள் வாழ்வுக்கு உதவுவதே நோக்கம் என்று இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாய் வகுத்த வழியில், 1975-76-இல் 2,400 சிற்றூர்களுக்குச் செயற்கைக்கோள் தொலைக்காட்சி சென்றது. அப்படியானால் ஏறக்குறைய 615 கோடி ரூபாயில் சந்திரயான்-3 எதற்கு என்று மாணவர் கேட்பார்; கேட்கட்டும். அறிவுக்காகப் போகிறோம் என்றால், அறிவுக்காக என்றே வரி செலுத்துபவரிடம் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நாமக்கல் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். நிலவின் மேடுகளில் உள்ள அனார்த்தசைட் பாறை சித்தம்பூண்டியிலும் உண்டு. அதை அரைத்த பொடியில்தான் சந்திரயான் ஊர்திகள் சோதிக்கப்பட்டன. அந்தக் கல்லில் ஒரு துண்டை மேசைமேல் வைத்து, நான்கு கேள்விகளையும் முதலிலிருந்து கேட்கத் தொடங்குங்கள்.