வெட்டரன் பேர்ல அமெரிக்க அரசு காண்ட்ராக்ட்: பினாமி வேலையில போய் மாட்டிக்காதீங்க

அமெரிக்க ராணுவத்துல இருந்தப்போ காயமோ நோயோ வந்து உடம்பு பாதிக்கப்பட்டவங்க நடத்துற சின்ன கம்பெனிகளுக்குன்னு ஃபெடரல் காண்ட்ராக்ட்ல, அதாவது அமெரிக்க மத்திய அரசு குடுக்கற காண்ட்ராக்ட்ல, தனியா ஒரு பங்கு இருக்கு. 1999ல வந்த சட்டம் மொத்த காண்ட்ராக்ட் பணத்துல 3 சதவீதம் இவங்களுக்குப் போகணும்னு இலக்கு வச்சுது, 2003ல இவங்க மட்டுமே போட்டி போடுற மாதிரி டெண்டரை ஒதுக்கி வைக்கலாம்னு வந்துது, இப்போ அந்த இலக்கு 5 சதவீதம். 2023 நிதியாண்டுல மட்டும் இந்த மாதிரி கம்பெனிகளுக்கு 3,000 கோடி டாலருக்கு மேல போயிருக்கு. இவ்வளவு பணம் புழங்குற எடத்துக்கு ராணுவத்துப் பக்கமே போகாதவங்களும் வெட்டரன், அதாவது முன்னாள் ராணுவத்தினர்ங்கற பேரை மாட்டிக்கிட்டு வந்துடறாங்க, அப்படி வர்ற ஒவ்வொருத்தரும் நிஜமா காயம்பட்டு வந்த ஒருத்தரோட வேலையைத்தான் எடுத்துட்டுப் போறாங்க, அதுதான் எனக்கு இதுல ரொம்ப வலிக்கிற விஷயம்.

இதைத் தமிழ்ல எழுதக் காரணம் இருக்கு. இங்க அமெரிக்காவுல ஐடி கன்சல்டிங், ஸ்டாஃபிங்னு சின்னதா கம்பெனி நடத்துற நம்ம ஆளுங்க நிறைய பேர் ஃபெடரல் வேலைக்குள்ள எப்படி நுழையறதுன்னு பாக்கறாங்க, அப்போ யாராவது வந்து "ஒரு வெட்டரனைப் பிடிச்சு 51 சதவீதம் பங்கை எழுதிக்குடுங்க சார், மத்ததை நாம பாத்துக்கலாம்"னு யோசனை சொல்லுவாங்க. தயவுசெஞ்சு அதைக் கேக்காதீங்க.

முதல் தப்பே அந்த 51ஐ மட்டும் பாக்கறது. பத்திரத்துல 51 சதவீதம் இருந்தா பாஸ்னு நினைக்கறாங்க, ஆனா சட்டம் கேக்கறது ரெண்டு விஷயம், ஒண்ணு உரிமை, இன்னொண்ணு கட்டுப்பாடு. கம்பெனியோட உச்சப் பதவியில வெட்டரன் இருக்கணும், தினசரி நிர்வாகமும் பெரிய முடிவுகளும் அவர் கையில இருக்கணும், வழக்கமான வேலை நேரத்துல அவர் அங்க வேலை பாக்கலைன்னா கட்டுப்பாடு அவர் கிட்ட இல்லைன்னே எடுத்துக்குவாங்க, அவர் கிட்டதான் இருக்குன்னு நிரூபிக்கற பொறுப்பு உங்களோடது. பங்கும் எந்த நிபந்தனையும் இல்லாம அவருக்கு நேரடியா சொந்தமா இருக்கணும், "நான் கேட்டா பங்கைத் திருப்பிக் குடுத்துடணும்"னு தனியா ஒரு லெட்டர் எழுதி வாங்கி வச்சிருந்தீங்கன்னா அந்த 51 சதவீதத்துக்கு மதிப்பே கிடையாது. கம்பெனியை எப்படி நடத்தணும்னு பார்ட்னருங்க எழுதிக்கற ஆபரேட்டிங் அக்ரிமென்ட்ல "எல்லா முடிவுக்கும் எல்லா பார்ட்னரும் ஒத்துக்கணும்"னு ஒரு வரியை இன்டர்நெட்ல இருந்து எடுத்துப் போட்டுடறாங்க பாருங்க, ஏமாத்தற எண்ணமே இல்லாத கம்பெனி கூட அந்த ஒரு வரியால தகுதி இழக்கலாம். கம்பெனியை விக்கறது, கலைக்கறது, புது பார்ட்னரைச் சேக்கறது, திவால் போடறது மாதிரி சில பெரிய விஷயங்கள்லதான் மத்த பங்குதாரருக்குத் தடுக்கற உரிமை இருக்கலாம், சம்பளம் போடறதுக்கும் டெண்டர் போடறதுக்கும் உங்க கையெழுத்து வேணும்னா அது வெட்டரன் கம்பெனி இல்ல, உங்க கம்பெனி.

கன்சாஸ் சிட்டி பக்கம் நடந்த ஒரு கேஸைப் பாத்தா இது எவ்வளவு தூரம் போகும்னு புரியும். ஒரு வெட்டரன் பேர்ல கட்டுமான கம்பெனி ஆரம்பிச்சு, பின்னாடி இருந்து வேற ஆளுங்க நடத்தி, 2009ல இருந்து 2018 வரைக்கும் கிட்டத்தட்ட 34.6 கோடி டாலர் காண்ட்ராக்ட் எடுத்துட்டாங்க. முதல் கம்பெனி வளந்து சின்ன கம்பெனிங்கற வரம்பைத் தாண்டப் போகுதுன்னதும் இன்னொரு வெட்டரன் பேர்ல ரெண்டாவது கம்பெனியும் ஆரம்பிச்சாங்க. கடைசியில பின்னாடி இருந்து நடத்தினவங்க மட்டும் மாட்டலை, பேர் குடுத்த வெட்டரனும் குற்றத்தை ஒத்துக்க வேண்டியதாப் போச்சு. ஒரு மாசச் செக்குக்காகப் பேரை வாடகைக்கு விடறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும், "நான் சும்மா கையெழுத்துதான் போட்டேன்"னு சொன்னா கோர்ட்டுல எடுபடாது.

அடுத்து, இன்னும் பழைய காலத்துலயே இருக்கறது. ஒரு காலத்துல பெரும்பாலான டிபார்ட்மென்ட்ல "நான் வெட்டரன் கம்பெனி"ன்னு நீங்களே சொல்லிக்கிட்டா போதும், யாரும் சரிபாக்க மாட்டாங்க. அதோட விளைவை 2009ல அமெரிக்க அரசுத் தணிக்கை அமைப்பான ஜிஏஓ வெளிய கொண்டு வந்துது, வெறும் 10 கம்பெனியை எடுத்துப் பாத்ததுலயே சுமார் 10 கோடி டாலர் காண்ட்ராக்ட் தகுதியில்லாதவங்களுக்குப் போயிருந்துது. முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை, விஏன்னு சொல்லுவாங்களே, அவங்க மட்டும் 2006 சட்டத்துக்கு அப்புறம் தனியா சரிபாக்க ஆரம்பிச்சாங்க. 2023 ஜனவரி 1ல இருந்து அந்த வேலை முழுக்க சிறுதொழில் அமைப்பான எஸ்பிஏ கைக்குப் போயிடுச்சு, இப்போ அவங்க சர்டிஃபிகேட் இல்லாம இந்த ஒதுக்கீட்டு டெண்டர்ல எங்கயும் ஜெயிக்க முடியாது, 2024 டிசம்பர் 22க்கு அப்புறம் சப் காண்ட்ராக்ட் எடுக்கறப்போ வெட்டரன் கம்பெனின்னு கணக்குல காட்டறதுக்குக் கூட சுயமா சொல்லிக்கறது செல்லாது. ஆனா நிறைய பேரோட ப்ரொஃபைல்லயும் கம்பெனி ப்ரோஷர்லயும் "வெட்டரன் கம்பெனி"ன்னு தாங்களே போட்டுக்கிட்ட பழைய டிக் இன்னும் அப்படியே கெடக்கு, முதல்ல அதை எடுங்க. இந்த சர்டிஃபிகேட்டுக்கு எஸ்பிஏ ஒரு பைசா வாங்கறதில்ல, அதனால "நாங்க வாங்கித் தர்றோம்"னு ஆயிரக்கணக்குல டாலர் கேக்கறவங்க கிட்ட ஜாக்கிரதை.

"வேலையைத் தரமா முடிச்சுக் குடுத்தோம், அரசாங்கத்துக்கு என்ன நஷ்டம்?" இந்தக் கேள்வியை நல்ல மனுஷங்க கூட கேக்கறாங்க, அதனால இதுக்கு விவரமா பதில் சொல்றேன். 2010 சட்டப்படி தகுதி இல்லாம தகுதி இருக்குன்னு சொல்லி இந்த மாதிரி காண்ட்ராக்ட் எடுத்தா, அரசாங்கம் செலவழிச்ச முழுப் பணமுமே நஷ்டம்னு எடுத்துக்கலாம், நீங்க கட்டின கட்டடம் நல்லா நிக்குதுங்கறது அங்க பேச்சே இல்ல. அதுக்கு மேல 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம் கௌசிசிஸ் வழக்குல தீர்ப்பு குடுத்துது. அது வெட்டரன் கேஸ் இல்ல, பின்தங்கினவங்க நடத்துற கம்பெனிகளுக்கான ஒதுக்கீட்டுல வந்த கேஸ், பிலடெல்பியாவுல பாலத்துக்கும் ரயில் ஸ்டேஷனுக்கும் பெயின்ட் அடிக்கற வேலை. பெயின்ட்டை ஒழுங்கா அடிச்சுத்தான் குடுத்தாங்க, ஆனா ஒதுக்கீட்டுக் கம்பெனி கிட்ட பொருள் வாங்கறதா பொய்க் கணக்கு காட்டினாங்க. பணத்துல நஷ்டம் வரணும்னு எண்ணம் இல்லாட்டியும், முக்கியமான விஷயத்துல பொய் சொல்லி காண்ட்ராக்ட் வாங்கினாலே மோசடிதான்னு கோர்ட் சொல்லிடுச்சு. இந்த வயர் ஃப்ராடுங்கற குற்றத்துக்கு, அதாவது ஃபோன், ஈமெயில், பேங்க் வழியா செய்யற மோசடிக்கு, 20 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. சிவில் பக்கம், உள்நாட்டுப் போர் நடந்தப்போ அரசாங்கத்துக்கிட்ட பொய் சொல்லிப் பணம் வாங்கறவங்களைப் பிடிக்க 1863ல வந்த ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் சட்டத்துல நஷ்டத்தை மூணு மடங்கா வாங்குவாங்க, ஒவ்வொரு பில்லுக்கும் தனியா அபராதம் வேற. தகவல் குடுத்து கேஸ் போடறவருக்கு வசூலாகற பணத்துல 15ல இருந்து 30 சதவீதம் வரைக்கும் பங்கு, அதனால உங்க அக்கவுன்டன்ட்டோ வேலையை விட்டுப் போன மேனேஜரோ பேசாம இருப்பாங்கன்னு எந்த உத்தரவாதமும் இல்ல.

பேப்பரை முன்தேதி போட்டு மாத்தறது இன்னொரு பெரிய தப்பு. மசாசூசெட்ஸ்ல ஒரு கட்டுமான கம்பெனி இப்படித்தான், 10 கோடி டாலருக்கு மேல காண்ட்ராக்ட் எடுத்திருந்துது, 2010ல விதி இறுகினதும் போட்டிக் கம்பெனி புகார் குடுத்துது, உடனே பங்கை மாத்தி எழுதி அது முன்னாடியே நடந்த மாதிரி தேதி போட்டாங்க. அதை நடத்தினவருக்கு 30 மாசம் ஜெயில், 10 லட்சம் டாலர் அபராதம். அந்தக் கேஸ்ல வக்கீலோட பேசின விஷயங்களையே ஒரு பகுதி வெளிய குடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போட்டுது, ஏன்னா மோசடிக்கு வக்கீலைப் பயன்படுத்தினா அந்த ரகசியப் பாதுகாப்பு கெடைக்காது. புகார் வந்தா பேப்பர் உண்மையில எப்படி இருக்கோ அப்படியே வைங்க.

மிசௌரியில ஒருத்தர் ராணுவ சரித்திரத்தையே இட்டுக்கட்டினார். மாநில ரிசர்வ் படையான நேஷனல் கார்டுல இருந்தவர், மாநிலத்தை விட்டே போகலை, ஆனா போர்ல காயம்பட்டு பதக்கம் வாங்கின வீரர்னு சொல்லி சுமார் 68 லட்சம் டாலர் காண்ட்ராக்ட் எடுத்தார், ஏழு வருஷத்துக்கு மேல தண்டனை ஆச்சு. இதுக்கு நேர் எதிரா, நிஜ வெட்டரன்கள் சில பேர் "என் உடம்பு பாதிப்பு எவ்வளவுன்னு விஏ சதவீதத்துல குடுத்த ரேட்டிங் ரொம்பக் கம்மி, நான் எங்க அப்ளை பண்றது"ன்னு ஒதுங்கிடறாங்க. அதுவும் தப்பு, பாதிப்பு ராணுவ சேவையால வந்ததுன்னு விஏ ஒத்துக்கிட்டா ரேட்டிங் 0 சதவீதமா இருந்தாலும் தகுதி உண்டு. பாதிப்பே இல்லாத வெட்டரனும் தனி சர்டிஃபிகேட் வாங்கலாம், ஆனா அவங்களுக்கான ஒதுக்கீடு விஏ டெண்டர்ல மட்டும்தான்.

எல்லாப் பேப்பரும் சரியா இருக்கற நிஜ வெட்டரன் கம்பெனியே வேலையை முழுசா பெரிய கம்பெனி கிட்டத் தள்ளிவிட்டு கமிஷன் எடுத்துக்கறதும் நடக்குது. சர்வீஸ் வேலைன்னா வர்ற பணத்துல 50 சதவீதத்துக்கு மேல இந்தத் தகுதி இல்லாத சப் காண்ட்ராக்டருக்குப் போகக்கூடாது, பொதுக் கட்டுமானத்துக்கு 85, எலக்ட்ரிகல் பிளம்பிங் மாதிரி வேலைக்கு 75. ஐடி ஸ்டாஃபிங் பண்றவங்க பொதுவா அந்த 50க்குள்ளதான் வருவாங்க, மாசாமாசம் இன்வாய்ஸை வச்சுக் கணக்கு பாருங்க, வருஷக் கடைசியில பாத்தா சரிபண்ண முடியாது.

பெரிய கம்பெனியோட அனுபவமும் பணமும் வேணும்னா நேர்வழி இருக்கு, பெரிய கம்பெனி (மென்டார்) சின்ன கம்பெனிக்கு (ப்ரொடெஜே) வழிகாட்டற எஸ்பிஏவோட மென்டார் ப்ரொடெஜே திட்டம். அதுல ரெண்டும் சேந்து ஜாயின்ட் வென்ச்சர், அதாவது கூட்டுக் கம்பெனி, போடலாம், வெட்டரன் கம்பெனி கிட்ட 51 சதவீதம் இருக்கணும், அந்த வென்ச்சர் செய்யற வேலையில 40 சதவீதமாவது அவங்களே செய்யணும், மென்டாரும் 40 சதவீதம் வரைக்கும் அந்தச் சின்ன கம்பெனியில பங்கு வாங்கலாம். அரசாங்கத்துக்குச் சொல்லிட்டு வெளிப்படையா செய்யறது இது. பினாமி வேலைக்கு எடுக்கற ரிஸ்க்ல கால்வாசி உழைப்பை இதுல போட்டா போதும்னு நான் உறுதியா நம்பறேன்.

நேர்மையா போட்டி போட்டுத் தோத்த வெட்டரன்கள் செய்யற தப்பையும் சொல்லணும், அது பேசாம விட்டுடறது. ஜெயிச்ச கம்பெனி பினாமின்னு தோணினா, யார் ஜெயிச்சாங்கன்னு தகவல் வந்ததுல இருந்து 5 வேலை நாளுக்குள்ள ப்ரொடெஸ்ட், அதாவது எதிர்ப்பு மனு, போடணும், இப்போ அதை விசாரிக்கறது எஸ்பிஏவோட மேல்முறையீட்டு அலுவலகம். "அவன் ஃப்ராடு"ன்னு மட்டும் எழுதினா தள்ளிடுவாங்க, அந்த வெட்டரன் பகல்ல வேற எங்க வேலை பாக்கறார், கம்பெனி அட்ரஸும் பெரிய கம்பெனி அட்ரஸும் ஒண்ணா, சைட்ல யார் வந்து உத்தரவு போடறாங்கன்னு குறிப்பா எழுதுங்க. கெடு தாண்டிப் போச்சுன்னா மோசடியை விசாரிக்கற விஏ இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகத்தோட ஹாட்லைன்லயும் எஸ்பிஏ ஹாட்லைன்லயும் எப்ப வேணா புகார் குடுக்கலாம்.