ஒன்பது கோயில், மூன்று தலைமுறை, ஒரு வேன்: குடும்பப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா என்றால், முடியும். கும்பகோணத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகமே அப்படி ஒரு பேருந்து விடுகிறது. விடியலில் கிளம்பி இரவில் வந்து சேர்கிறது. அதைப் பார்த்துவிட்டு தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரக்குழந்தைகள் என்று பத்துப் பன்னிரண்டு பேரை ஒரு டெம்போ டிராவலரில் ஏற்றிக்கொண்டு அதே ஓட்டத்தை ஓடப் பார்ப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கோயில் நடை பெரும்பாலும் காலை 6 மணிவாக்கில் திறந்து 12 அல்லது 12.30க்குச் சாத்துவார்கள். மாலை 4க்குத் திறந்தால் 8, 8.30 வரை. ஆக, கையில் இருப்பது பத்து, பதினொரு மணி நேரம். பெரியவர்கள் இறங்கி, செருப்பை விட்டு, கழிப்பறை தேடி, அர்ச்சனைச் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, பிராகாரம் சுற்றி, கொடிமரத்தடியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, எல்லோரும் வந்துவிட்டார்களா என்று எண்ணி ஏறுவதற்குக் கோயில் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் குறைந்தபட்சம். ஒன்பதுக்கு ஒன்பது மணி. மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் திங்களூரிலிருந்து திருநள்ளாறு வரை எப்படிப் போவது? நேரம் சாலையில் கரைவதில்லை, ஏறி இறங்குவதில்தான் கரைகிறது. வரைபடத்தில் கிலோமீட்டரைப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

காலையில் இரண்டு அல்லது மூன்று, மாலையில் ஒன்று அல்லது இரண்டு. மூன்று தலைமுறை சேர்ந்து போகும் வண்டிக்கு இதுதான் அளவு. சூரியனார் கோயிலும் கஞ்சனூரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. கும்பகோணம் திரும்புகிற வழியில் திருநாகேஸ்வரம். சாப்பிட்டுப் படுத்து எழுந்து மாலையில் ஆலங்குடி. மறுநாள் காலை வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு. மாலை கீழப்பெரும்பள்ளம், பிறகு திருநள்ளாறு. திங்களூர் திருவையாற்றுப் பக்கம் தனியாகக் கிடப்பதால், தஞ்சாவூர் வழியாக வருகிறவர்கள் வரும்போதோ திரும்பும்போதோ அதை முடித்துக்கொள்ளலாம்.

கிழமையும் பார்க்க வேண்டும். வியாழன் ஆலங்குடி, சனிக்கிழமை திருநள்ளாறு, செவ்வாய் வைத்தீஸ்வரன் கோயில் என்றால் அந்தந்தக் கிரகத்துக்குரிய நாள், கூட்டம் நெருக்கும். வேண்டுதல் இருந்தால் வேறு வழியில்லை. வேண்டுதல் இல்லாதபோது அந்த நாளைத் தேடிப் போய், முழங்கால் வலிக்காரரை இரண்டு மணி நேரம் வரிசையில் நிறுத்த வேண்டாம். திருநாகேஸ்வரத்தில் தினமும் ராகு காலத்தில்தான் பாலாபிஷேகம். அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பாட்டி சொன்னால், அன்றைய ராகு காலத்தை மையமாக வைத்து மற்றதை ஒதுக்குங்கள். ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை என்பது பலருக்கும் வசதி. அதனாலேயே அன்று கூட்டமும் அதிகம்.

“முடியுமா?” என்று கேட்பது

“அம்மா, உங்களால நடக்க முடியுமா?” என்று கேட்டால் “எனக்கென்ன, நான் வரேன்” என்றுதான் பதில் வரும். தன்னால் பயணம் தடைபட்டது என்ற பேர் வந்துவிடக் கூடாது என்று எந்தப் பெரியவரும் நினைப்பார். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. உட்காராமல் எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது? தரையில் உட்கார்ந்தால் பிடிமானம் இல்லாமல் எழ முடிகிறதா? கைப்பிடி இல்லாத படி எத்தனை ஏறுவார்? எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கப் போகிறார்? கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் தெருக்கோயிலுக்குக் கூடவே நடந்து போனால் இவை நான்குக்கும் பதில் தெரிந்துவிடும். சுவாமிமலையில் அறுபது படி. அதை வழியில் சேர்க்கலாமா கூடாதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கழிப்பறை விஷயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால் பெரியவர்கள், முக்கியமாகப் பெண்கள், கிளம்பும் நாள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் அதையும் தானாகவே நிறுத்திவிடுகிறார். இரண்டாம் நாள் தலைசுற்றல், நீர்க்கடுப்பு, மலச்சிக்கல் என்று வருவதற்கு வெயிலோடு இதுவும் காரணம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்கிலோ ஓட்டலிலோ, யாரும் கேட்காமலே வண்டியை நிறுத்துங்கள். “யாருக்காவது போகணுமா?” என்று பத்துப் பேர் முன்னால் கேட்காதீர்கள், நிறுத்திவிட்டால் தானாக இறங்குவார்கள். குந்தி உட்கார முடியாதவர்களுக்கு மடக்கு கமோடு ஸ்டூல் ஒன்று டிக்கியில் இருந்தால் எந்த ஊரிலும் கவலையில்லை.

வெறும் வயிறும் சுடுகல்லும்

இந்தப் பயணங்களில் உண்மையிலேயே ஆபத்தானவை இரண்டு. இரண்டுமே சர்க்கரை நோயாளிகளைத் தாக்குபவை.

ஒன்று, சாமி பார்க்காமல் சாப்பிட மாட்டேன் என்ற வைராக்கியம். காலையில் வழக்கம்போல் மாத்திரையைப் போட்டுக்கொண்டோ இன்சுலின் குத்திக்கொண்டோ கிளம்பிவிடுவார்கள். தரிசனம் பத்து மணிக்குத்தான் கிடைக்கும். இன்சுலினும் கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரைகளும் சாப்பாடு வந்ததா என்று பார்த்து வேலை செய்வதில்லை, சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் என்றால் வெயில் மயக்கம் என்று விசிறிக்கொண்டு நிற்காதீர்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியவில்லையா, மறுபடி அதே அளவு. தெளிந்ததும் இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மீண்டும் இறங்கும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிடுங்கள். விரதம் இருக்கத்தான் வேண்டும் என்றால், அன்று மருந்தை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வதுதான் வழி. மருந்தைத் தாமாக விடுவதும் தவறு, போட்டுவிட்டுப் பட்டினி கிடப்பதும் தவறு.

இன்சுலின் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டியது. நிறுத்திய வேனின் டாஷ்போர்டில் வைத்தால் கெட்டுவிடும். ஐஸ்கட்டியோடு ஒட்டி வைத்து உறைந்துபோனாலும் கெட்டுவிடும். துணியில் சுற்றி, வாயகன்ற பிளாஸ்கில், ஐஸின் மேல் படாமல் வையுங்கள்.

மற்றது, கருங்கல் தளம். பதினோரு மணிக்கு மேல் வெளிப்பிராகாரக் கல்லில் குழந்தைகள் துள்ளிக்கொண்டு ஓடுவார்கள். பல ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கும் தாத்தா நிதானமாக நடந்து வருவார். அவருக்குப் பக்தி அதிகம் என்று நினைக்க வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போயிருக்கலாம். கொப்புளம் இரவில்தான் கண்ணில் படும், சில சமயம் இரண்டு நாள் கழித்து. சர்க்கரை நோயாளியின் பாதப் புண் ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆறாமல் விரலை எடுக்கும்வரை போவதும் உண்டு. ஆகவே அவர்களுக்கு வெளிச்சுற்று பத்து மணிக்குள், அல்லது மாலை ஐந்துக்கு மேல். தேங்காய்நார் விரிப்பு போட்டிருந்தால் அதன்மேல்தான் நடக்க வேண்டும். கெட்டியான பருத்திக் காலுறையைப் பல கோயில்களில் தடுப்பதில்லை. வாசலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போடலாம். ஒவ்வொரு இரவும் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு உள்ளங்காலையும், விரலிடுக்கையும் வேறொருவர் பார்க்க வேண்டும். பேரன் பேத்தியிடம் இந்த வேலையைக் கொடுங்கள், சரியாகச் செய்வார்கள். சுட்டுவிட்டது என்று தெரிந்தால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடவிட்டு, சுத்தமான துணியால் மூடி, மருத்துவரிடம் காட்டுங்கள். மை, பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம்.

திருநள்ளாற்றில் நளதீர்த்தத்தின் ஈரப்படி தனி எச்சரிக்கைக்கு உரியது. பெரியவர்கள் இறங்கி முழுக வேண்டியதில்லை. மேல்படியில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ளட்டும், இரண்டு பக்கமும் ஆள் இருக்கட்டும்.

ரயில் சீட்டும் வேன் இருக்கையும்

கும்பகோணம் வரை ரயில் என்றால் ஒரு டிக்கெட்டுக்கு ஆறு பேராகப் போடுவதுதான் வழக்கம். அங்கேதான் கீழ்ப் படுக்கை போகிறது. கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு 60 வயதான ஆணுக்கும் 45 வயதான பெண்ணுக்கும் உண்டு. ஆனால் தனியாகவோ, அந்தத் தகுதி உள்ள இருவர் மட்டுமாகவோ ஒரு டிக்கெட்டில் இருந்தால்தான். மூன்றாவது பெயரைச் சேர்த்ததும் அந்தச் சலுகை இல்லை. தாத்தா பாட்டிக்குத் தனி டிக்கெட், மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில். மற்றவர்களுக்கு வேறு டிக்கெட். பெட்டி மாறினாலும் பரவாயில்லை, நடு இரவில் நடுப் படுக்கையிலிருந்து பாட்டி இறங்க வேண்டியிருக்காது. 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது, 120 என்ற பழைய கணக்கை மறந்துவிடுங்கள். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்குப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி.

வேனில் பெரியவர்களைக் கடைசி வரிசையில் உட்கார வைக்காதீர்கள். பின்சக்கரத்துக்கு மேலும் பின்னும் உள்ள இருக்கைதான் குலுக்கலை முழுதாக வாங்கும், இடுப்பு ஒரே நாளில் பிடித்துக்கொள்ளும். கதவை ஒட்டிய முன்வரிசை அவர்களுக்கு. வாந்தி வரும் குழந்தைக்கு முன்பக்கம் சாலை தெரிகிற இடம். கையில் செல்போன் கூடாது. வாந்தி மாத்திரையை வீட்டில் எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது பெரிய தப்பு. புரோமெத்தசின் வகை மருந்து முதியவர்களுக்குத் தடுமாற்றமும் குழப்பமும் தரும், சிறுநீரை அடைக்கும். இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது.

வேன் படி உயரம். அகலமான, ஆடாத மரப் பலகை ஸ்டூல் ஒன்று, எட்டு ஒன்பது அங்குல உயரத்தில் இருந்தால் போதும். பிளாஸ்டிக் ஸ்டூல் சரிவில் வழுக்கும். வாடகை பேசும்போது கிலோமீட்டர் வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்தா, உங்கள் வீட்டு வாசலிலிருந்தா, ஒரு நாளைக்குக் குறைந்தது எத்தனை கிலோமீட்டர், பேட்டா, சுங்கம், பார்க்கிங் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள்.

“நான் வண்டியிலேயே இருக்கேன், நீங்க பார்த்துட்டு வாங்க” என்று சொல்லும் பெரியவரையும், தூங்கிவிட்ட குழந்தையையும் மூடிய வேனில் விட்டுப் போகக் கூடாது. பத்தே நிமிடத்தில் உள்ளே வெப்பம் ஏறிவிடும். யாராவது ஒருவர் கூட இருந்து, கதவைத் திறந்து வைத்து, நிழலில் நிறுத்த வேண்டும்.

கட்டுச்சோறு

சோற்றைச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் வியர்த்து, மதியத்துக்குள் நூல் விட்டுவிடும். தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, நல்லெண்ணெய் விட்டுக் கிளறி, பிறகு புளிக்காய்ச்சல் சேர்க்க வேண்டும். பெரியவர் ஒருவருக்கு 100 கிராம் அரிசி கணக்கு. தயிர்சாதத்துக்குப் பாலை அதிகமாகவும் தயிரை ஒரு கரண்டி மட்டும் விட்டும் பிசைந்தால் மதியம் வரை புளிக்காது. தேங்காய்ச் சட்னி முதல் நாள் காலையோடு சரி. இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவினால் மாலை வரை தாங்கும்.

இதெல்லாம் முதல் நாளுக்கு மட்டும். இரண்டாம் நாளும் அடுப்பையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு போவது, வீட்டுச் சமையல்கட்டை மருமகள்களின் தலையில் கட்டி ஊர் ஊராக அனுப்புவதுதான். அவர்களும் பயணம் வந்தவர்கள்தான். வெளியில் சாப்பிடுங்கள், பெரியவர்களுக்கு இட்லி, ரசம் சாதம், மோர் எங்கேயும் கிடைக்கும்.

குழந்தைகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடுவதற்கென்றே வேண்டும். தாராசுரம் கும்பகோணத்தை ஒட்டியே இருக்கிறது. யானைக்கும் காளைக்கும் ஒரே தலையாகச் செதுக்கிய சிற்பத்தை அவர்களே கண்டுபிடிக்கட்டும், தாத்தா மண்டபத்து நிழலில் உட்கார்ந்திருக்கலாம். கீழப்பெரும்பள்ளத்திலிருந்து திருநள்ளாறு போகும் வழியில் தரங்கம்பாடி வருகிறது. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையும் கடற்காற்றும் எல்லா வயதுக்கும் பிடிக்கும். கடலில் மட்டும் இறங்க வேண்டாம்.

தங்கும் விடுதியில் தரைத்தளம் அல்லது லிப்ட், வெஸ்டர்ன் டாய்லெட், இரண்டும் போனிலேயே கேட்டு உறுதி செய்ய வேண்டியவை. பழகாத அறையில், இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறைக்குப் போகும்போதுதான் விழுகிறார்கள். குளியலறை விளக்கை எரியவிட்டுக் கதவை ஒருக்களித்து வையுங்கள், தலைமாட்டில் டார்ச் இருக்கட்டும்.

கடைசி நாள் இரவு முழுக்க ஓட்டி, விடிந்ததும் வீட்டில் இருக்கலாம், ஒரு நாள் அறை வாடகை மிச்சம் என்று நினைப்பார்கள். இத்தனை நாளாக நீங்கள் கோயிலுக்குள் இருந்தபோதெல்லாம் டிரைவர் வெயிலில் வண்டியோடு நின்றவர். நள்ளிரவுக்கு மேல் விடியும் வரை கண் அசரும் நேரம். அவருக்கும் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்து, காலை டிபன் முடித்துக் கிளம்புங்கள்.