கோயம்புத்தூர புரிஞ்சுக்க நாலு மியூசியம், ரெண்டு நாள் போதும்

கோயம்புத்தூர் வர்றவங்க பாதி பேர் மருதமலை போயிட்டு அப்படியே ஊட்டி பஸ் ஏறிடறாங்க, ஊருக்குள்ள பாக்க என்னங்க இருக்குன்னு கேக்கறாங்க. இருக்குதுங்க. மலை, பருத்தி, மில்லு, மோட்டார் பட்டறை எல்லாம் எப்படி ஒரே ஊர்ல வந்து சேந்துச்சுன்னு காட்டற மாதிரி நாலு மியூசியம் இருக்கு, கூட்டமே இருக்காது, நிதானமா பாக்கலாம். ஆனா நான் சொல்ற வரிசைல போங்க, அப்பதான் ஒண்ணு விட்ட இடத்துல இன்னொண்ணு ஆரம்பிக்கும்.

முதல் நாள் காலைல ஆர்.எஸ்.புரம் ஃபாரஸ்ட் கேம்பஸ்ல இருக்கற காஸ் ஃபாரஸ்ட் மியூசியம். 1902ல ஆரம்பிச்சது, வனத்துறைல கன்சர்வேட்டரா இருந்த எச்.ஏ.காஸ் பேர்ல இருக்கு. உள்ள போனதும் பதப்படுத்தி வெச்ச காட்டுமாடு முன்னாடி எல்லாரும் நின்னுடுவாங்க, நீங்களும் நில்லுங்க, ஆனா அங்கயே முடிச்சுக்காதீங்க, குறுக்க அறுத்து வெச்ச மரத் துண்டுங்க கிட்ட வாங்க. தேக்கு மரத்துல வருஷ வளையம் நல்லா தெளிவா தெரியும், நம்ம பக்கத்து மரங்கள் நிறையாதுல அப்படித் தெரியாது. முகத்த கிட்ட கொண்டு போய் நடுவுல இருந்து வெளிய எண்ணிட்டே வாங்க, சில எடத்துல வளையம் அகலமா இருக்கும், சில எடத்துல நூல் மாதிரி ஒட்டிக் கிடக்கும், மழை நல்லா பேஞ்ச வருஷம் அகலம், காஞ்சு போன வருஷம் ஒல்லி, பொதுவா அப்படித்தான். பசங்கள கூட்டிட்டுப் போனா அவங்கள எண்ணச் சொல்லுங்க, அரை மணி நேரம் அசைய மாட்டாங்க.

அங்கிருந்து கொஞ்ச தூரத்துல விவசாய பல்கலைக்கழகம், அதுக்குள்ள பூச்சி மியூசியம், 2018ல திறந்தது. பூச்சிக்கு எதுக்கு மியூசியம்னு கேக்காதவங்க இல்ல. 1868ல சைதாப்பேட்டைல ஆரம்பிச்ச விவசாயப் பள்ளிதான் 1906ல இங்க காலேஜா வந்துச்சு, பருத்தி விளையற பூமில காய்ப்புழு என்ன பண்ணும்னு இங்க இருக்கற விவசாயிக்கு நல்லாவே தெரியும். அதனால வண்ணத்துப்பூச்சி அழகுல மயங்கிட்டு வெளிய வந்துடாதீங்க, பயிரத் தின்னற பூச்சி எது, அந்தப் பூச்சியத் தின்னற பூச்சி எதுன்னு பிரிச்சுப் பாருங்க, எனக்கு அதுதான் இந்த மியூசியத்தோட உயிர்னு தோணும்.

ரெண்டாவது நாள் முழுக்க அவிநாசி ரோடு. முதல்ல கஸ்தூரி சீனிவாசன் ட்ரஸ்ட்டோட ஆர்ட் கேலரி, அங்கயே டெக்ஸ்டைல் மியூசியமும் இருக்கு. சின்னதுதான், சீக்கிரம் முடிஞ்சிரும். போறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷத்த மனசுல வெச்சுக்கங்க, 1888ல ஊரோட முதல் நூல் மில்லான ஸ்டேன்ஸ் மில்லு, 1932ல நீலகிரி மலைல பைக்காரா ஆத்துத் தண்ணில எடுத்த கரண்டு. அந்தக் கரண்டு மலையிறங்கி வந்ததுக்கப்புறம்தான் மில்லுங்க வரிசையா முளைச்சுது, மில்லுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வேணும்னு இரும்ப உருக்கி வார்க்கற பவுண்டரி வந்துச்சு, கிணத்துக்கு மோட்டார் வந்துச்சு.

அதே ரோட்டுல ஜிடி கார் மியூசியம். 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் ஓட்ட ஆரம்பிச்ச ஜி.டி.நாயுடு குடும்பத்தோடது. 1886 பென்ஸ் மூணு சக்கர வண்டியோட மாதிரி ஒண்ணு இருக்கு, அதுல இருந்து ஆரம்பிச்சு நடங்க. ஒவ்வொரு வண்டிலயும் எஞ்சின் முன்னாடியா பின்னாடியா, எத்தன சக்கரம், கதவு எந்தப் பக்கம் திறக்குதுன்னு மட்டும் பாத்துட்டே வாங்க, கார் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்களுக்கும் புரிய ஆரம்பிச்சிரும்.

ஒரு விஷயம் மறக்காதீங்க, ஒவ்வொரு இடத்துக்கும் லீவு நாள் வேற வேற, திங்கக்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் நம்பிப் போகாதீங்க, கிளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டுக்கங்க. நான் ஒரு தடவ வெளியூர்ல இருந்து வந்த சொந்தக்காரங்கள கூட்டிட்டுப் போய் பூட்டுன கேட்டு முன்னாடி நின்னேன், அவங்க அடுத்த நாள் ஊருக்குப் போயிட்டாங்க, இன்னும் மனசு கேக்கல. அங்க வேல பாக்கறவங்ககிட்ட பேச்சுக் குடுங்க, போர்டுல எழுதாததெல்லாம் அவங்களுக்குத் தெரியும், கேக்க ஆளில்லாமதான் சும்மா உக்காந்திருப்பாங்க.

மூணாவது நாள் இருந்தா பொள்ளாச்சி, சேத்துமடை வழியா டாப்ஸ்லிப் போங்க. வெட்டுன தேக்கு மரத்த அந்தக் காலத்துல மலை மேல இருந்து உருட்டி விட்ட எடம், பேரே அதுலதான் வந்துச்சு. மரமெல்லாம் வெட்டித் தீந்த மலைல திரும்பவும் தேக்குக் காட்ட வளத்த வெள்ளக்கார வன அதிகாரி ஹ்யூகோ வுட்டோட சமாதி அங்கதான் இருக்கு, மியூசியத்துல துண்டா பாத்த மரம் அவரச் சுத்தி முழுசா நிக்கும்.