கோயில் வேன் எங்கே வருகிறது? கைபேசி இருப்பிடத்தைச் சிக்கனமாகப் பின்தொடரும் முறை

காவடி நாளன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தின் மேட்டுத் தெருக்களில் விடிவதற்கு முன்பே பெரியவர்கள் குளித்துப் புடவை வேட்டியுடன் வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். வேன் ஒன்றுதான், ஏற்ற வேண்டிய வீடுகளோ பல. "வண்டி எங்கே வருகிறது, தம்பி?" என்று ஆளுக்கொரு முறை அழைத்தால் ஓட்டுநர் அண்ணன் எப்படி வண்டி ஓட்டுவார்? அவருடைய ஆண்ட்ராய்டு கைபேசியே பதில் சொல்லட்டும் என்று ஒரு சிறு செயலி எழுதினோம். நிரல் எழுதப் பழகத் தொடங்கியவர்களும் இதைச் செய்யலாம்.

முதல் படி: குறைவாகக் கேளுங்கள்

நொடிக்கொரு முறை இருப்பிடம் கேட்டால் மணிக்கு 3,600 முறை. பேட்டரி வேகமாகத் தீர்ந்துவிடும். கூகுள் பிளே சேவைகளில் உள்ள ஒருங்கிணைந்த இருப்பிடச் சேவையைப் பயன்படுத்துங்கள். செயற்கைக்கோள், வைஃபை, கைபேசிக் கோபுரம் மூன்றையும் அதுவே கலந்து கணக்கிடுகிறது. இடைவெளி 15 நொடி, குறைந்தபட்ச நகர்வு 50 மீட்டர் என்று கொடுங்கள். அப்போது மணிக்கு 240 முறைக்கு மேல் போகாது. வேன் நின்றால் ஒன்றும் வராது.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. தகவல் வராவிட்டால் வேன் நிற்கிறதா, கைபேசி அணைந்துவிட்டதா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஆகவே நகராவிட்டாலும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை "இங்கேதான் இருக்கிறேன்" என்று ஒரு சிறு செய்தி போகட்டும்.

ஆண்ட்ராய்டு 8 முதல், பின்னணியில் ஓடும் செயலிக்கு மணிக்குச் சில முறைதான் இருப்பிடம் கிடைக்கும். அதனால் திரையில் நிலையான அறிவிப்பைக் காட்டி இயங்கும் முன்னணிச் சேவையாக எழுதுங்கள்.

இரண்டாம் படி: வந்ததை எல்லாம் நம்பாதீர்கள்

ஒவ்வொரு இருப்பிடத்தோடும் துல்லியம் என்று ஓர் எண் மீட்டரில் வரும். அது ஒரு வட்டத்தின் ஆரம். கைபேசி அந்த வட்டத்துக்குள் இருக்க ஏறத்தாழ 68 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஆரம் 80 மீட்டர் இருக்கும்போது 50 மீட்டர் நகர்ந்ததாகக் காட்டினால், அது நகர்வே இல்லாமலும் இருக்கலாம். நகர்ந்த தூரம் ஆரத்தைவிடக் குறைவு என்றால் விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: மைனஸ் குறி

டர்பன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ளது, அட்சரேகை -29.86, தீர்க்கரேகை 31.02. மைனஸ் விடுபட்டால் வேன் எகிப்தில், கெய்ரோவுக்குத் தென்மேற்கே பாலைவனத்தில் நிற்கும். இரண்டு எண்களும் இடம் மாறினால் அட்லாண்டிக் கடலில் மிதக்கும். வரைபடத் தகவலை எழுதப் பயன்படும் ஜியோஜேசான் வடிவத்தில் தீர்க்கரேகைதான் முதலில் வரும் என்பதால் இந்தத் தவறு எளிதில் நேர்ந்துவிடும்.

தூரம் கணக்கிடும்போதும் கவனம் வேண்டும். ஒரு பாகை அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர். தீர்க்கரேகையோ துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கும். டர்பனில் ஒரு பாகை சுமார் 96 கிலோமீட்டர்தான். இரண்டையும் ஒன்றாகக் கொண்டால் கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் தூரம் கூடிக் காட்டும். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் போதும். அதுவே ஒரு மீட்டர் அளவுக்கு நுணுக்கம்.

நான்காம் படி: சர்வரில் இரண்டு அட்டவணை

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். தொடங்குபவர்கள் பெரும்பாலும் சர்வருக்கு, அதாவது கைபேசி அனுப்புவதைப் பெற்றுச் சேமிக்கும் கணினிக்கு, வரும் ஒவ்வொரு இருப்பிடத்தையும் ஒரே அட்டவணையில் சேர்த்துக்கொண்டே போவார்கள். பிறகு "இப்போது எங்கே?" என்ற ஒரு கேள்விக்கு ஆயிரக்கணக்கான வரிசைகளைத் துழாவ வேண்டியிருக்கும். 'இப்போதைய இடம்' என்று ஓர் அட்டவணை வையுங்கள்; ஒரு கைபேசிக்கு ஒரே வரிசை, புதியது வந்தால் பழையதன் மேல் எழுதுங்கள். வந்த வழி வேண்டுமானால் 'தடம்' என்று இன்னொன்று. வரைபடத்தைப் பார்ப்பவர்கள் முதல் அட்டவணையை மட்டும் தொட்டால் போதும்.

மேலெழுதும் முன் நேரத்தைப் பாருங்கள். மின்வெட்டில் கோபுரத்தின் மாற்று பேட்டரியும் தீர்ந்தால் இணைப்பு போய்விடும். அப்போது கைபேசி இருப்பிடங்களைத் தன்னிடமே சேர்த்துவைத்து, இணைப்பு வந்ததும் மொத்தமாக அனுப்ப வேண்டும். அவை முன்பின்னாக வரக்கூடும். கைபேசி இருப்பிடத்தைக் கண்ட நேரம், ஏற்கெனவே உள்ள வரிசையின் நேரத்தைவிடப் புதியதாக இருந்தால் மட்டுமே மேலெழுதுங்கள். சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தை வைத்து முடிவு செய்தால், டர்பனின் இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸை அடைந்துவிட்ட வேன் மறுபடி சாட்ஸ்வொர்த்துக்குத் திரும்பியதாகக் காட்டும்.

ஐந்தாம் படி: அண்ணனின் சம்மதம்

இது ஒரு மனிதரின் கைபேசி. தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் அவரிடம் கேட்டிருப்போம். எதைச் சேமிக்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று உட்கார்ந்து விளக்குங்கள். தொடங்கவும் நிறுத்தவும் பெரிய பொத்தான் அவர் கையிலேயே இருக்கட்டும். தடத்தை ஒரு வாரத்தில் அழித்துவிடுங்கள். கடைசிப் பாட்டியை வீட்டு வாசலில் இறக்கியதும் அவர் அந்தப் பொத்தானை அழுத்துவார். அதற்குப் பிறகு அவர் எங்கே போகிறார் என்பது சர்வருக்குத் தெரியாது.