டோப்பியாக்கோவில் ஒரு வாரம்: இத்தாலிய ஆல்ப்ஸில் எளிய ஹோட்டல் ஒன்றில் தங்கத் திட்டமிடுவது எப்படி?

ஆல்ப்ஸ் மலையைப் பார்க்க ஆசைப்படும் பலரும் சுவிட்சர்லாந்தில் ஆகும் செலவைக் கேட்டதும் பின்வாங்கிவிடுகிறார்கள். அதே மலைத்தொடர் இத்தாலியின் வட எல்லையிலும் நீள்கிறது. அங்கே பள்ளத்தாக்குதோறும் குடும்பங்களே நடத்தும் இரண்டு, மூன்று நட்சத்திர ஹோட்டல்கள் இருக்கின்றன. ஆடம்பரம் இருக்காது, சுத்தமான அறையும் வயிறு நிறையக் காலை உணவும் சன்னலைத் திறந்தால் மலையும் கிடைக்கும். அப்படி ஓர் இடத்தில் முதன்முறையாகத் தங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பொதுவாகச் சொன்னால் எதுவும் மனத்தில் நிற்காது. ஆகவே ஒரே ஊரை எடுத்துக்கொள்கிறேன்: டோப்பியாக்கோ. ஆஸ்திரிய எல்லைக்கு அருகே, புஸ்தேரியா பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 1,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2009இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட டோலமைட்ஸ் மலைகள் ஊரின் தெற்கே தொடங்குகின்றன. ஊருக்குள்ளேயே ரயில் நிலையம் இருப்பதுதான் நான் இதைத் தேர்ந்தெடுக்க முதன்மைக் காரணம். வளைந்து நெளியும் மலைச்சாலையில், வலப்பக்கப் போக்குவரத்தில், பழக்கமில்லாத காரை ஓட்ட வேண்டிய கவலை இல்லை.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் அழகான படத்தைப் பார்த்து ஹோட்டலை முடிவு செய்துவிட்டு, பிறகு தேதியையும் வழியையும் யோசிக்கிறார்கள். மலையூருக்கு இந்த வரிசை ஒத்துவராது. முதலில் தேதி, அடுத்து ஊருக்குள் இடம், அதன் பிறகுதான் ஹோட்டல்.

முதல் படி: தேதியை முடிவு செய்யுங்கள்

இங்கே இரண்டு பருவங்கள். ஜூன் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை நடைப்பயணக்காரர்களின் பருவம். டிசம்பரிலிருந்து மார்ச் இறுதிவரை பனிச்சறுக்குப் பருவம். இடையில் வரும் நவம்பரிலும், ஏப்ரல், மே மாதங்களிலும் பல ஹோட்டல்கள் கதவைச் சாத்திவிடுகின்றன. மலைமேல் இருக்கும் உணவகங்களும் பல கேபிள் கார்களும் இயங்குவதில்லை. நம் பள்ளிகளின் கோடை விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருவதால் நம்மவர்கள் பலர் நேராக இந்த இடைவெளியில்தான் போய்ச் சேருகிறார்கள். குழந்தைகளின் விடுமுறையை மாற்ற முடியாதென்றால், மே இறுதி வாரத்துக்குப் போவதைவிட வேறொரு பருவத்துக்குத் தள்ளிவைப்பது மேல் என்பேன்.

ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். ஆகஸ்ட் 15 இத்தாலியில் பெருவிடுமுறை நாள். அதற்கு முன்னும் பின்னுமாக நாடே கடற்கரைக்கும் மலைக்கும் கிளம்பிவிடும். அந்த நாட்களில் ஒரு வாரத்துக்குக் குறைவான தங்கலைப் பல ஹோட்டல்கள் ஏற்பதில்லை. விலையும் உச்சத்தில் இருக்கும்.

செப்டம்பரின் முதல் மூன்று வாரங்கள்தான் என் தேர்வு. கோடையின் பிற்பகல் இடிமழை குறைந்திருக்கும், கூட்டம் கலைந்திருக்கும், மலை உணவகங்கள் இன்னும் திறந்திருக்கும். காலையிலும் இரவிலும் நல்ல குளிர் உண்டு. கம்பளிச் சட்டை கட்டாயம்.

இரண்டாம் படி: ஊருக்குள் எங்கே?

டோப்பியாக்கோ ஒரே ஊர் போலத் தெரிந்தாலும் இரண்டு பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. பெரிய தேவாலயமும் கடைத்தெருவும் உள்ள பழைய ஊர் வடக்கே. 1871இல் ரயில் வந்த பிறகு நிலையத்தைச் சுற்றி எழுந்த புதிய பகுதி தெற்கே. இரண்டுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். பெட்டியை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும் என்பதால் இதைக் கவனிப்பது நல்லது. தினமும் ரயிலிலும் பஸ்ஸிலும் வெளியே போகப் போகிறீர்கள் என்றால் நிலையத்தின் பக்கம். மாலையில் உலாவ, ரொட்டிக் கடைக்கு நடந்துபோக விருப்பம் என்றால் பழைய ஊர்.

சாந்தா மரியா, சில்வெஸ்ட்ரோ பள்ளத்தாக்கு போன்ற சுற்றுக் குக்கிராமங்களின் விடுதிகளும் ‘டோப்பியாக்கோ’ என்ற பெயரிலேயே பட்டியலில் வரும். அமைதியான இடங்கள்தான். ஆனால் கார் இல்லாதவர்களுக்குச் சிரமம். வரைபடத்தில் ஹோட்டலிலிருந்து நிலையத்துக்கு நடைவழியைப் போட்டுப் பார்க்காமல் எதையும் உறுதி செய்யாதீர்கள்.

தேடும்போது ‘டோப்லாக்’ என்ற பெயரையும் போட்டுப் பாருங்கள். முதல் உலகப் போர்வரை ஆஸ்திரியாவிடம் இருந்த நிலம் இது. இன்றும் இவ்வூரில் பெரும்பாலோரின் தாய்மொழி ஜெர்மன். சிறிய விடுதிகள் சில, ஜெர்மன் பெயரில்தான் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்கின்றன.

மூன்றாம் படி: எந்த வகை விடுதி?

‘கார்னி’ என்று பெயரில் இருந்தால் அங்கே அறையும் காலை உணவும் மட்டும். ‘ரெசிடென்ஸ்’ என்றால் சமையலறையோடு கூடிய சிறு வீடு. சைவக் குடும்பத்துக்கும் கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் இது பேருதவி. ‘ஹோட்டல்’, ‘ஆல்பெர்கோ’, ‘காஸ்ட்ஹோஃப்’ எனப்படும் இடங்களில் பெரும்பாலும் உணவகமும் உண்டு. அங்கே ‘மெட்ஸா பென்சியோனே’ என்றொரு ஏற்பாட்டைப் பார்ப்பீர்கள்: அறை, காலை உணவு, இரவு உணவு மூன்றும் ஒரே விலையில்.

சிக்கனமாகப் பயணம் செய்பவர்கள் இந்த மூன்றாவது வகையைக் குறைவாக மதிப்பிடுகிறார்கள். இரவு உணவு என்றால் சாலட், சூப் அல்லது பாஸ்தா, முதன்மை உணவு, இனிப்பு என்று வரிசையாக வரும். அதையே வெளியில் உண்டால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால், ஹோட்டலில் கூட்டிக் கேட்கும் தொகை பெரும்பாலும் குறைவுதான். நாள் முழுக்க நடந்துவிட்டுத் திரும்பும்போது, இருட்டில் உணவகம் தேடி அலைய வேண்டியதும் இல்லை. தண்ணீரும் பிற பானங்களும் மட்டும் தனிக் கணக்கு.

தனியாகவோ நண்பர்களோடோ போகிற இளைஞர்களுக்கு இன்னொரு நல்ல வழி உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில் நிறுவனம் நிலையத்தருகே கட்டிய கிராண்ட் ஹோட்டல் இன்று கலாச்சார மையமாக இருக்கிறது. அதே வளாகத்தில் இளைஞர் விடுதியும் இயங்குகிறது. ஒரு காலத்தில் செல்வந்தர்கள் வந்து தங்கிய இடத்தில் குறைந்த செலவில் படுத்துறங்கலாம்.

நட்சத்திரங்களை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். இரண்டு நட்சத்திரம் என்பது வசதிகளின் கணக்கு. சுத்தத்தையோ சமையலையோ அது சொல்வதில்லை. அண்மையில் தங்கியவர்களின் கருத்துகளில் மெத்தை, சத்தம், உணவு என்ற மூன்றையும் தேடிப் படியுங்கள். அப்படியே இன்னொன்றையும் பாருங்கள்: 2025 ஜனவரி முதல் இத்தாலியில் சுற்றுலா விடுதிகள் எல்லாம் தங்களுக்குரிய தேசிய அடையாள எண்ணை விளம்பரத்தில் காட்ட வேண்டும். சி.ஐ.என். என்று குறிப்பிடப்படும் அந்த எண் இல்லாத பட்டியலை விட்டு விலகிவிடுங்கள்.

நான்காம் படி: ஹோட்டலுக்கே எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முழுத் திட்டத்தின் உயிரும் இதில்தான் இருக்கிறது. சிறிய ஹோட்டலில் மின்னஞ்சலைப் படிப்பவரும், அறையை ஒதுக்குபவரும், பல சமயம் காலையில் காபி கொண்டுவருபவரும் ஒரே குடும்பத்தவர். நீங்கள் யார், என்ன தேவை என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்தால், அவர்களால் முடிந்ததைச் செய்துவைப்பார்கள். முன்பதிவுத் தளங்களில் விலையைப் பார்த்துவிட்டு, ஹோட்டலின் சொந்த இணையதளத்திலிருந்து முகவரியை எடுத்து, எளிய ஆங்கிலத்தில் எழுதினாலே போதும்.

முதல் பத்தியில் வரும் நாள், கிளம்பும் நாள், எத்தனை பெரியவர்கள், குழந்தைகள் இருந்தால் அவர்களின் வயது. வயது முக்கியம், அதை வைத்தே கட்டணச் சலுகையைக் கணக்கிடுவார்கள். ‘குடும்ப அறை’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘ஓர் இரட்டைக் கட்டிலும் தனிக் கட்டில் ஒன்றும் வேண்டும்’ என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அடுத்து, கேட்க வேண்டியவை. லிப்ட் இருக்கிறதா? பழைய கட்டடங்களில் இல்லாமல் போகலாம். முட்டிவலி உள்ள பெற்றோரோடு போகிறீர்கள் என்றால் இதுவே முதல் கேள்வி. அவர்கள் ‘முதல் தளம்’ என்பது தரைத்தளத்துக்கு மேலே உள்ளது என்பதும் நினைவிருக்கட்டும். அறையில் வெந்நீர்க் கெண்டி இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது, கேட்டால் சமையலறையிலிருந்து தருவார்கள். மாலை எத்தனை மணிவரை வரவேற்பில் ஆள் இருப்பார்? இரவுக் காவலர் இல்லாத இடங்களில், தாமதமாக வருவோருக்குச் சாவியை எங்கே வைப்பார்கள் என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். கடைசியாக, ‘கெஸ்ட் பாஸ்’ தருகிறீர்களா என்று கேளுங்கள். டோப்பியாக்கோ இருக்கும் தெற்கு டிரோல் மாகாணத்தின் விடுதிகள் பலவும் விருந்தினருக்கு இலவசமாகத் தரும் இந்த அட்டை இருந்தால், தங்கியிருக்கும் நாட்களில் மாகாண ரயில்களிலும் பஸ்களிலும் டிக்கெட் எடுக்க வேண்டாம். இரண்டு ஹோட்டல்களில் எது என்று தடுமாறினால், அட்டை தரும் ஹோட்டலையே தேர்ந்தெடுங்கள்.

பதில் வரும் விதத்தையும் கவனியுங்கள். கேட்ட ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக விடை எழுதியிருந்தால், அங்கே நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பலாம்.

ஐந்தாம் படி: முன்பதிவும் விசாவும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். விண்ணப்பத்தோடு தங்குமிடத்துக்கான சான்றும் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து, குறைந்தது 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். கடைசி வாரத்துக்கு விட்டுவைக்காதீர்கள். ஜெர்மனியின் மியூனிக்கில் இறங்கினாலும், அதிக நாட்கள் தங்குவது இத்தாலியில் என்றால் இத்தாலிக்கே விண்ணப்பிக்க வேண்டும்.

விசா கைக்கு வரும்வரை, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய முன்பதிவு மட்டுமே செய்யுங்கள். நேரடியாகப் பதிவு செய்தால் ‘கபாரா’ என்னும் முன்பணம் கேட்கலாம். விசா மறுக்கப்பட்டால் அது திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு அனுப்புங்கள்.

ஆறாம் படி: போய்ச் சேரும் வழி

வெரோனாவிலிருந்து போல்சானோ வழியாக பிரென்னர் கணவாயை நோக்கிச் செல்லும் ரயில் பாதையில் ஃபோர்தெட்ஸா என்ற சந்திப்பு நிலையம் வரும். மியூனிக், இன்ஸ்புருக் பக்கமிருந்து வருபவர்களும் அங்கேதான் மாற வேண்டும். அங்கிருந்து, டோப்பியாக்கோ வழியாக சான் கான்டிடோ செல்லும் சிறிய ரயிலில் ஏறினால் நம் ஊருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். இந்தப் பள்ளத்தாக்கு ரயில் பாதையில் அவ்வப்போது பராமரிப்பு, விரிவாக்கப் பணிகள் நடக்கும். அப்போது மாற்றுப் பஸ் விடுவார்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு கால அட்டவணையை மறுபடி பாருங்கள். வெனிஸில் இறங்குபவர்களுக்கு கோர்தினா வழியாக நேரடிப் பஸ்ஸும் உண்டு.

ஏழாம் படி: சாப்பாடு

காலையில் ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, பழம், தயிர், ஜாம் இருக்கும். கூடவே ‘ஸ்பெக்’ எனப்படும் புகையூட்டிய பன்றி இறைச்சியும் இருக்கும். இந்த ஸ்பெக் விஷயத்தில் சைவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பார்லி சூப்பிலும் ‘கனெதெர்லி’ எனும் ரொட்டி உருண்டையிலும் பொடியாக நறுக்கிப் போட்டிருப்பார்கள். கனெதெர்லியில் கீரை, பாலாடைக்கட்டி வகைகளும் உண்டு. ஆனால் அவற்றிலும் முட்டை சேரும். கீரையும் ரிக்கோட்டா என்னும் மென்மையான பாலாடைக்கட்டியும் அடைத்த பாஸ்தாவான ‘ஷ்லுட்ஸ்கிராப்ஃபென்’, காளானோடு ‘பொலெந்தா’ எனும் மக்காச்சோள மாவுக் களி, ஆப்பிள் ஸ்ட்ரூடல் என்ற இனிப்பு ஆகியவற்றை இறைச்சி உண்ணாதவர்கள் விரும்பிச் சாப்பிடலாம்.

‘சைவம்’ என்று மட்டும் எழுதாமல், ‘இறைச்சி, மீன் வேண்டாம், இறைச்சி வேக வைத்த சாறும் வேண்டாம், பால் சரி, முட்டை வேண்டாம்’ என்று பிரித்து எழுதுங்கள். பல இடங்களில் காலை உணவின்போதே அன்றைய இரவு உணவுக்கு என்ன வேண்டும் என்று தாளில் குறிக்கச் சொல்வார்கள். அந்தத் தாளை அவசரப்படாமல் நிரப்புங்கள். இரவு உணவு மாலை ஆறரை, ஏழு மணிக்கே தொடங்கிவிடும்.

அறையில் அடுப்பு பற்றவைப்பது கூடாது. தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும். கடைகள் பல மதியத்தில் இரண்டு மூன்று மணி நேரம் மூடியிருக்கும் என்பதால், நடைக்கான ரொட்டியையும் பழத்தையும் காலையிலேயே வாங்கிவிடுங்கள்.

எட்டாம் படி: வெளியே போகும் நாட்கள்

முன்பே பதிவு செய்ய வேண்டிய பயணங்கள் இரண்டு. 2,999 மீட்டர் உயரச் சிகரத்தைக் கொண்ட திரே சீமே என்னும் முச்சிகரத்தின் அடிவாரத்துக்குக் கோடையில் 444 என்ற பஸ் செல்கிறது. இருக்கையை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். அங்கிருந்து சிகரங்களைச் சுற்றி வரும் பாதை ஏறத்தாழ 10 கிலோமீட்டர். நடுத்தர உடல்நலம் உள்ளவர்கள் நான்கு மணி நேரத்தில் முடிக்கலாம். பிராயெஸ் ஏரிக்கு 442 என்ற பஸ். ஜூலையிலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரை அங்கும் கட்டுப்பாடுகள் உண்டு. முன்காலையில் போய்விட்டால் ஏரியின் பச்சை நீரைக் கூட்டமின்றிப் பார்க்கலாம்.

முன்பதிவு தேவைப்படாத இன்பம், மிதிவண்டிப் பாதை. வாடகை வண்டியில் டோப்பியாக்கோவிலிருந்து சான் கான்டிடோ வழியாக, திராவா ஆற்றை ஒட்டி, ஆஸ்திரியாவின் லீன்ட்ஸ் நகர்வரை பெரும்பாலும் இறக்கமாகவே போகலாம். திரும்புவதற்கு ரயில் இருக்கிறது. எல்லை தாண்டுவதால் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். அவசர உதவிக்கு இரு நாடுகளிலும் எண் 112.

மழை நாளுக்கென்று ஒன்றை ஒதுக்கிவையுங்கள். இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் 1908 முதல் 1910 வரை கோடைகளை இவ்வூரில்தான் கழித்தார். அவர் உட்கார்ந்து எழுதிய மரக்குடில் ஊருக்கு வெளியே இன்னும் நிற்கிறது.

ஒன்பதாம் படி: கணக்கு முடித்தல்

ஹோட்டலுக்குள் நுழைந்ததும் எல்லோருடைய கடவுச்சீட்டையும் கேட்பார்கள். விருந்தினர் விவரத்தைக் காவல்துறையில் பதிவது இத்தாலியச் சட்டம், தயங்க வேண்டாம். கிளம்பும்போது அறை வாடகையோடு உள்ளாட்சிச் சுற்றுலா வரியும் சேரும். ஒருவருக்கு ஓர் இரவுக்கு என்று கணக்கிடுவார்கள். இம்மாகாணத்தில் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இல்லை. முன்பதிவுத் தளத்தில் காட்டிய விலையில் இது பெரும்பாலும் அடங்காது என்பதால், கொஞ்சம் ரொக்கம் தனியாக வைத்திருங்கள்.

கடைசி நாளின் முந்தைய மாலையே கணக்கை முடித்துவிடுவது வசதி. காலை பத்து மணி வாக்கில் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். ரயில் பிற்பகலில் என்றால், பெட்டிகளை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குத் தெற்கே உள்ள டோப்பியாக்கோ ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வரலாம். கெஸ்ட் பாஸ் கடைசி நாளும் செல்லுமா என்று வரவேற்பில் கேட்டுக்கொண்டால், கோர்தினா போகும் 445ஆம் எண் பஸ்ஸிலேயே ஏரிவரை போகலாம்.